பாலை நிறுத்தும் முன், பவுடர் டப்பா வாங்கும் முன்: வடசென்னை வீடுகளுக்கு ஒரு புரதக் கணக்கு

வயிறு உப்புகிறது என்று பாலை நிறுத்தியவர்கள், ஜிம்மில் சேர்ந்த மறுநாளே டப்பா வாங்கச் சொல்லப்பட்டவர்கள், பிள்ளை மெலிந்திருக்கிறது என்று மாதாமாதம் மால்ட் பானத்தில் பணத்தைப் போடுகிறவர்கள், இந்த மூன்று கூட்டத்தாருக்காகவும் எழுதியது இது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ புதிதாகக் குடிவந்து, எங்கே என்ன கிடைக்கும் என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பால் நம் சாப்பாட்டில் மூன்று வேலை பார்க்கிறது: புரதம் தருகிறது, கால்சியம் தருகிறது, வைட்டமின் பி12 தருகிறது. பாலை எடுத்துவிட்டால் இந்த மூன்று வேலைக்கும் தனித்தனியாக ஆள் வைக்க வேண்டும். ஒரே மாற்றுப் பொருள் மூன்றையும் செய்துவிடும் என்று நம்புவதில்தான் பெரும்பாலானவர்களின் பணமும் உடம்பும் வீணாகின்றன.

1. வீட்டில் ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை, பால், மீன் எதுவும் சேராமல் சோறும் இட்லியுமே பிரதானம் என்றால் கிலோவுக்கு 1 கிராம் என்று கணக்கிடுங்கள். தானியப் புரதத்தின் தரம் குறைவு.

4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு 16 கிராம், 7 முதல் 9 வயதுக்கு 23 கிராம் போதும். கர்ப்பிணிக்கு நடு மூன்று மாதங்களில் வழக்கத்துக்கு மேல் 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களுக்குக் கூடுதல் 17 கிராம்.

குண்டாக இருப்பவர்கள் இப்போதைய எடையைப் போட்டுக் கணக்கிட வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடையைப் போடுங்கள்.

எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பல வருடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்லும் அளவைத்தான் எடுக்க வேண்டும்.

2. மூன்று நாள் சாப்பாட்டை அப்படியே குறித்துவையுங்கள்

இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஏன் என்றால், நம் பக்கத்து வீடுகளில் மற்ற நாட்களைவிட அன்றைக்குத்தான் புரதம் அதிகம். ஆறு நாள் பற்றாக்குறை, ஒரு நாள் உபரி. உடம்பு புரதத்தைச் சேர்த்துவைத்து வியாழக்கிழமை எடுத்துக் கொடுக்காது.

வழக்கமான ஒரு வேலை நாளைப் போட்டுப் பார்ப்போம். காலை நாஷ்டாவுக்கு நாலு இட்லி, 8 கிராம். இரண்டு டீயில் மொத்தம் 100 மில்லி பால், 3 கிராம். மதியம் 120 கிராம் அரிசியில் வடித்த சோறு, 9 கிராம். ஒரு கரண்டி சாம்பாரில் 15 கிராம் பருப்பு இருந்தால் 3 கிராம். பொரியல் 2 கிராம். 100 கிராம் தயிர், 3 கிராம். இரவு மூன்று தோசை, 8 கிராம். கூட்டினால் 36. நாற்பத்தாறு வேண்டிய பெண்ணுக்கு 10 கிராம் துண்டு விழுகிறது. ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் வைத்து நிரப்பிவிடக்கூடிய பள்ளம் இது. இதற்கு இரண்டாயிரம் ரூபாய் டப்பா தேவையில்லை.

தொட்டுக்கொள்ள வெறும் தேங்காய்ச் சட்னிதான் என்றால் கணக்கு இன்னும் கீழே போகும். அதே இட்லிக்கு வடகறி வைத்தால் கடலைப்பருப்பு உள்ளே போய்விடுகிறது. நம் ஊர்க் காலை நாஷ்டாவில் வடகறிக்கு உள்ள இடம் நியாயமானது. எண்ணெயை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. பால் பாக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 3.2 கிராம் புரதம். 200 மில்லி டம்ளருக்கு 6 கிராம். பால் திரியும்போது கட்டியாகச் சேருவது கேசின், இது மொத்தப் புரதத்தில் சுமார் 80 சதவீதம். தெளிந்து நிற்கும் நீரில் இருப்பது வே புரதம், மீதி 20 சதவீதம். ஜிம் டப்பாக்களில் வருவது இந்த இரண்டாவதுதான்.

ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். முக்கிய வித்தியாசம் கொழுப்பில்தான். புரதத்தில் பெரிய மாற்றம் கிடையாது. பாக்கெட்டில் எஸ்.என்.எஃப் என்று போட்டிருப்பது கொழுப்பு நீங்கலான திடப்பொருள். புரதம், பால்சர்க்கரை, தாது உப்புகள் எல்லாம் அதற்குள் அடக்கம். நீலத்துக்கு 8.5, ஆரஞ்சுக்கு 9. ஆகவே புரதத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து ஆரஞ்சு வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பன்னீர் போடுவதற்கு மட்டும் ஆரஞ்சு நல்லது.

மாதாமாதம் ஒரே அளவு வாங்குகிறவர்கள் ஆவின் மாதாந்திர பால் அட்டை பற்றி உங்கள் பகுதி டெப்போவில் கேளுங்கள். முகவரிச் சான்று நகல், புகைப்படம் கையோடு கொண்டுபோனால் இரண்டு நடை மிச்சம். புதுப்பிக்கும் நாளையும் அங்கேயே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அந்த மாதம் முழுக்கச் சில்லறை விலைதான்.

பேக்கிங் தேதி பாருங்கள். கடை வாசலில் வெயிலில் டப்பில் கிடக்கும் பாக்கெட்டைத் தொடாதீர்கள். மாட்டுக்காரரிடம் கறந்த பால் வாங்குகிறீர்கள் என்றால் பொங்கக் காய்ச்சாமல் ஒரு துளியும் வேண்டாம். காய்ச்சாத பால் வழியாகக் காசநோயும் புரூசெல்லோசிஸும் வரும்.

பன்னீர் போட: 1 லிட்டர் ஆரஞ்சுப் பாலைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக விடுங்கள். நீர் பச்சையும் மஞ்சளுமாகத் தெளிந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் விட்டால் பன்னீர் ரப்பராகிவிடும். துணியில் வடித்து, ஒருமுறை தண்ணீர் ஊற்றி அலசி, அரை மணி நேரம் கனம் வையுங்கள். 180 முதல் 200 கிராம் வரும். வடித்த நீரைக் கொட்டாதீர்கள். அதில் கொஞ்சம் வே புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையவோ ரசம் கூட்டவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் பன்னீர் வாங்கும்போது இரண்டு விஷயம். தங்கசாலைத் தெருப் பக்கம் பால் பண்டக் கடைகளில் புதிதாகப் போட்டது கிடைக்கும். காலையில் போய், அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் வாங்கினால் பொருட்களின் பட்டியலில் தாவர எண்ணெய், பாமாயில் என்று வந்தால் அது அனலாக் பன்னீர், முழுக்கப் பாலில் போட்டது கிடையாது. விலை ரொம்பக் குறைவாக இருக்கும்போது சந்தேகப்படுங்கள். ஸ்டார்ச் கலப்படத்துக்கு வீட்டுச் சோதனை எளிது: ஒரு துண்டைத் தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்டு, மருந்துக்கடை டிஞ்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது.

4. ஒத்துக்கொள்ளாதது பால்சர்க்கரையா, பால் புரதமா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மிகப் பெரிய பொறி.

லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை செரிக்காதவர்களுக்குப் பால் குடித்த அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிறு உப்பும், உருளும், பேதியாகும். தொல்லை உண்டு, உயிருக்கு ஆபத்து இல்லை. பால் புரத ஒவ்வாமை வேறு. தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இரைப்பு வரும். கைக்குழந்தைக்கு மலத்தில் ரத்தம் போகலாம். மூச்சு இரைத்தாலோ முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் செய்துகொண்டு காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

முதல் வகை என்று தோன்றினால் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு வாரம் பால், ஐஸ்கிரீம், பால் இனிப்புகளை நிறுத்துங்கள். வயிறு சரியானால் மூன்றாவது வாரம் மூன்று நாள் தயிர் சேருங்கள். தயிரில் பால்சர்க்கரையில் ஒரு பகுதி நொதித்துக் குறைந்திருக்கும். அது ஒத்துக்கொண்டால் சாப்பாட்டோடு 100 மில்லி பால், அடுத்து 200 மில்லி. 200 மில்லியில் சுமார் 10 கிராம் லாக்டோஸ். செரிமானக் குறைவு உள்ளவர்களில் பலர், வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு எடுத்தால் இந்த அளவைத் தாங்குவார்கள். ஆகவே பாலை முழுக்க நிறுத்த வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அதே புரதம், அதே கால்சியம்.

ஒவ்வாமைச் சந்தேகம் உள்ளவர்களுக்கு இந்த வீட்டுச் சோதனை கூடவே கூடாது. லாக்டோஸ் நீக்கிய பாலும் அவர்களுக்கு ஆகாது, புரதம் அப்படியே இருக்கிறதே. ஆட்டுப்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது.

மருத்துவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: என்ன சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று எழுதிய தாள், தடிப்பு வந்தபோது எடுத்த படம், அன்றைக்குச் சாப்பிட்ட பாக்கெட்டின் பின்பக்கப் படம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை. பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குக் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். தடிப்பு இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிடும், சீட்டு வாங்கி உள்ளே போகும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்தப் படம்தான் பேசும்.

பரிசோதனையில் ஒரு பொறி: ‘நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை’ என்று ஐஜிஜி பேனல் விற்கிறார்கள். ஐஜிஜி இருப்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. ஆயிரக்கணக்கில் போகும், கையில் கிடைப்பது சாப்பிடக் கூடாதவை என்று ஒரு நீண்ட தவறான பட்டியல். மருத்துவர் கேட்பது தோல் குத்துச் சோதனையோ ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோதான்.

ஒவ்வாமை உறுதியானால் லேபிளில் தேட வேண்டிய சொற்கள்: பால், பால் திடப்பொருள், வே, கேசின், கேசினேட், நெய், வெண்ணெய். பிஸ்கட், பிரெட், சூப் பவுடர், சில சாசேஜ்களில்கூட வரும். சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாலும் நெய்யும் சைவத்தில் சேர்த்தி, ஆகவே பச்சைப் புள்ளிக்குள்ளே தாராளமாக இருக்கும்.

5. டம்ளரில் மாற்று

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பகுதியில் எதுவுமே பொருந்தாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலும் இணை உணவும். சோயா பால், பாதாம் பால், தேங்காய்ப்பால் எதையும் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஊற்றாதீர்கள்.

வளர்ந்தவர்களுக்குப் புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வரும் ஒரே பானம் சோயா பால், 100 மில்லிக்கு சுமார் 3 கிராம். ஓட்ஸ் பால் 1 கிராம். கடைப் பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராமுக்கும் குறைவு. விலை பாலைவிடப் பல மடங்கு, புரதம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தேங்காய்ப்பால் கொழுப்புக்கானது, ருசிக்கானது. புரதத்துக்கு அதை நம்பாதீர்கள்.

வீட்டில் சோயா பால்: 100 கிராம் சோயா பீன்ஸைக் கழுவி 8 மணி நேரம் ஊறவையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் புளித்து நுரைக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, சூடான தண்ணீர் விட்டு அரையுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் வேகாத பயறு வாடை ஏறிவிடும், சூட்டில் அந்த வாடையைக் கிளப்பும் நொதி செத்துவிடுகிறது. மிக்ஸி ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். மொத்தம் 900 மில்லி தண்ணீர் போதும். துணியில் பிழிந்து எடுத்துக் காய்ச்சுங்கள்.

கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சோயா பால் கொதிநிலைக்கு முன்பே நுரைத்துப் பொங்கும். பசும்பால் பழக்கத்தில் பொங்கியதும் அணைத்துவிடுவார்கள். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது அழிய, பொங்கியபின் தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இன்னும் 15 நிமிடம் காய்ச்ச வேண்டும். அரைகுறையாகக் காய்ச்சிக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, சோயாவே ஆகாது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. சுமார் 800 மில்லி வரும், ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். பிழிந்த சக்கையை அடை மாவில் சேர்த்துவிடுங்கள்.

காபிக்கு ஊற்றினால் திரியும். டிகாக்ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சோயா பாலில் டிகாக்ஷனை ஊற்றினால் திரிவது குறையும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: சோயா, பால், கால்சியம் மாத்திரை மூன்றுமே தைராக்சின் உடம்பில் சேருவதைக் குறைக்கும். நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் பாலோடு விழுங்காதீர்கள்.

6. தட்டில் மாற்று: பத்து கிராம் எத்தனை ரூபாய்?

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் கடையில் நின்றபடியே போடக்கூடிய கணக்கு: விலையை மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். ரேஷன் பருப்பு தவிர, கீழே உள்ளவை கணக்கு காட்டுவதற்காகப் போட்ட விலைகள். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

ரேஷன் துவரம்பருப்பு, கிலோ 30 ரூபாய், புரதம் 220 கிராம்: பத்து கிராமுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் கீழே.
மீல் மேக்கர், கிலோ 150 என்றால், புரதம் 520 கிராம்: 3 ரூபாய்.
பொட்டுக்கடலை, கிலோ 120 என்றால்: 6 ரூபாய்.
கடைத் துவரம்பருப்பு, கிலோ 150 என்றால்: 7 ரூபாய்.
முட்டை, ஆறரை ரூபாய் என்றால், புரதம் 6 கிராம்: 11 ரூபாய்.
மத்தி, கிலோ 150 என்றால்: 12 ரூபாய்.
நீலப் பால், அரை லிட்டர் 20 ரூபாய் என்றால், புரதம் 16 கிராம்: 12 ரூபாய் 50 காசு.
பன்னீர், 200 கிராம் 100 ரூபாய் என்றால்: 28 ரூபாய்.
வே பவுடர், கிலோ 2,500 என்றால், புரதம் 750 கிராம்: 33 ரூபாய்.

ரேஷனில் தொடங்குங்கள். குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பொருளில்லா அட்டை என்றால் கிடைக்காது, அட்டையின் வகையைப் பாருங்கள். வீடு மாறி வந்தவர்கள் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் முகவரி மாற்றம் போட்டால்தான் பக்கத்துக் கடைக்கு அட்டை மாறும். ஆதார், வாடகை ஒப்பந்தம் அல்லது கேஸ் ரசீது ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயர் எழுத்து ஒரு மாதிரியும் அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது விண்ணப்பம் திரும்பி வர வழக்கமான காரணம். மாதக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள், பருப்பு தீர்ந்துவிடும்.

ஆனால் நாலு பேர் வீட்டுக்கு 1 கிலோ என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, 2 கிராம் புரதம்கூட இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகை சொல்லப்பட்டிருக்கிறது. மீதியைச் சவுகார்பேட்டை, கொத்தவால்சாவடி பக்க மொத்தக் கடைகளில் நாலு குடும்பம் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் கணிசமாக மிச்சமாகும். பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு மூன்றையும் மாற்றி மாற்றி. எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும்.

சோறும் பருப்பும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் தரம் கூடும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவு நல்லது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று பொருள்.

மீல் மேக்கரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆளுக்கு 30 கிராம் போதும், 15 கிராம் புரதம். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, மறுபடி தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் வாடை போகும். இரண்டாவது பிழிதலை விட்டுவிடுவதால்தான் குழம்பு மணக்காமல் போகிறது.

மீனுக்குக் காசிமேடு இருக்கிறது, ஆனால் போகும் முறை தெரிய வேண்டும். விடியும் முன்பே ஏலம் நடக்கும். அது மொத்த வியாபாரிகளுக்கு. வீட்டுக்கு வாங்க விடிந்ததும் போய், கூறு கட்டி வைத்திருப்பதைப் பாருங்கள். ஞாயிறு கூட்டத்தில் விலை ஏறும், வார நாள் நல்லது. புரதத்துக்கு வஞ்சிரமும் மத்தியும் ஏறக்குறைய ஒன்றுதான், 100 கிராமுக்கு 20 கிராம் சுமார். வித்தியாசம் முள்ளிலும் விலையிலும். மத்தி, கானாங்கத்த, நெத்திலி போதும். கணக்குப் போடும்போது முழு மீன் எடையைப் போடாதீர்கள்: ஒரு கிலோ மத்தி சுத்தம் செய்தபின் 600 முதல் 700 கிராம்தான் நிற்கும், மேலே 12 ரூபாய் வந்தது அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வரும், விலை கூடும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையும் மீல் மேக்கரும் என்று முன்கூட்டியே திட்டமிடுங்கள். கருவாட்டில் புரதம் நிறைய, உப்பும் நிறைய. பிரஷர் உள்ளவர்கள் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசினாலும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

பீஃப் சாப்பிடும் வீடுகளில் அதைக் குறைவாக நினைக்க வேண்டியதே இல்லை. 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், இரும்பு, பி12 எல்லாம் இருக்கிறது. ஞாயிறு ஒரு கிலோ வாங்குவதற்குப் பதில், அதையே இரண்டு நாளாகப் பிரித்து வாங்குங்கள்.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் சத்துணவில் பள்ளி நாட்களில் முட்டை கிடைக்கிறது. அதைச் சாப்பிடுகிறார்களா, தோழனுக்குக் கொடுத்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். கர்ப்பிணிகள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீக்கிரம் பதிந்து பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்ட ஊட்டச்சத்துப் பெட்டகத்துக்கும் உதவித்தொகைக்கும் அந்த எண்தான் அடிப்படை. ஆதார், வங்கிப் புத்தகம் இரண்டும் கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் கணக்கைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. அங்கன்வாடியில் சத்துமாவும் கேட்டு வாங்குங்கள்.

7. கால்சியமும் பி12ம்

வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அரை லிட்டர் பால் 600 தந்துவிடும். அதை நிறுத்தினால்: கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350. முருங்கைக்கீரை 50 கிராமில் 150. கருப்பு எள் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 130. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் நல்ல அளவு சேரும், முள்ளை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும். பசலைக்கீரையை இதற்கு நம்பாதீர்கள், அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வீட்டில் போட்ட சோயா பாலில் கால்சியம் மிகக் குறைவு. கடைப் பெட்டியில் சேர்த்திருப்பார்கள்; அது அடியில் தங்கும், குலுக்கி ஊற்றுங்கள்.

பி12 பால், முட்டை, மீன், இறைச்சியில் மட்டும். நாலையும் விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், கீரையோ பழைய சோறோ அந்த இடத்தை நிரப்பாது. நிறுத்துவதற்கு முன் ஒரு முறை ரத்தத்தில் பார்த்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கை கால் மரத்துப்போவது வரை காத்திருக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். பால் வயிற்றை நிரப்பிவிடும், சாப்பாடு இறங்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. ‘பால் மட்டும் நன்றாகக் குடிக்கிறான்’ என்ற பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது இப்படித்தான்.

8. பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

மேலே சொன்ன 2024 வழிகாட்டி, உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது. மருத்துவர் சொன்னதாலோ, சாப்பாட்டில் சேர்க்க முடியாததாலோ வாங்குகிறீர்கள் என்றால் முதலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைப் பாருங்கள். 100 கிராமில் 35 கிராம் புரதம். கிலோ 400 ரூபாய் என்றால் பத்து கிராமுக்கு பதினொன்றரை ரூபாய்தான். டெய்ரி ஒயிட்னரை எடுத்துவிடாதீர்கள், பாக்கெட் ஒன்றுபோல இருக்கும், அதில் சர்க்கரை சேர்ந்திருக்கும். பால்சர்க்கரை ஆகாதவர்களுக்குப் பால் பவுடர் ஒத்துவராது. அவர்களுக்கு வே ஐசோலேட் (பால்சர்க்கரையைப் பெருமளவு நீக்கிய வே பவுடர்) தாங்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் கூடாது.

வே டப்பாவில் ஸ்கூப் அளவைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். கான்சன்ட்ரேட் 70க்கு மேல், ஐசோலேட் 90க்குப் பக்கம். பொருட்களின் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கும். முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின் வந்தால் நீங்கள் வாங்குவது மாவுச்சத்து, எடை ஏற்ற விற்கும் மாஸ் கெயினர் பவுடர் பெரும்பாலும் இதுதான். கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தால், புரத அளவை ஆய்வில் கூட்டிக்காட்டும் மலிவான அமினோ அமிலங்கள் அவை, விட்டுவிடுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணை ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் போட்டுப் பாருங்கள். சீல் உடைத்துச் சில்லறையாகக் கவரில் போட்டுத் தருவதை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். பில் இல்லாமல் புகார் கொடுத்தால் நிற்காது.

மால்ட் பானம் புரதத்துக்கானது கிடையாது. ஒரு வேளைக்குப் போடும் அளவில் பெரும்பாலும் இரண்டு மூன்று கிராம்தான், கூடவே சர்க்கரை. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் இவற்றைக் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது.

9. நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

முதல் வாரம் எழுதுவது மட்டும், எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாவது வாரம் காலை நாஷ்டாவில் மட்டும் மாற்றம்: முட்டை, வடகறி, சுண்டல், ஏதாவது ஒன்று. மூன்றாவது வாரம் மதியப் பருப்பைக் கூட்டுங்கள். ஒரேயடியாகப் பயறும் சோயாவும் ஏற்றினால் வயிறு உப்பி, இரண்டாவது நாளே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவீர்கள்.

மார்ச் கடைசியில் மீன் தடைக்காலத்துக்கான மாற்றை முடிவு செய்யுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் கால் கிலோ பால் பவுடர், ஒரு கிலோ பொட்டுக்கடலை, ஒரு கிலோ வேர்க்கடலை, அரைக் கிலோ மீல் மேக்கர் ஆகியவற்றைக் காற்றுப் புகாத டப்பாக்களில், தரையில் வைக்காமல் பரண் உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்ற நாட்களில் பால் பாக்கெட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 25 கிராம் பால் பவுடரை 250 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்தால் ஒரு டம்ளர் பால். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள், கட்டி தட்டாது. வேர்க்கடலையில் பூஞ்சை, கசப்பு, நிறமாற்றம் தெரிந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பை முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.